படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

பழைய அச்சுத்தாள்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. பூச்சி அரித்த ஓட்டையை அடைத்துவிடலாம், ஈரக்கறையைக் குறைக்கலாம். கத்தரி பட்ட தாளுக்குத்தான் செய்ய அதிகம் இல்லை. பிள்ளைகள் விளையாடுவதைக் காட்டும் டச்சுப் படங்களுக்கு இந்தக் கதி அடிக்கடி நேர்கிறது. படம் அழகாக இருக்கிறதென்று புத்தகத்திலிருந்து கிழித்து, அதோடு அச்சான பாட்டை நறுக்கிவிட்டுச் சட்டம் போட்டுவிடுகிறார்கள்.

1625இல் நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் அச்சேறிய, டச்சுக் கவிஞர் யாக்கோப் காட்ஸின் திருமண நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்ரியான் ஃபன் டெ ஃபென்னெ வரைந்த படத்தில் சதுக்கம் நிறையப் பிள்ளைகள். பார்த்தவுடன் விடுமுறைக் கும்மாளம் என்றுதான் தோன்றும். பாட்டைப் படித்தால் ஒவ்வொரு ஆட்டமும் பெரியவர்களுக்குச் சொன்ன புத்திமதி. பொய்க்காலில் நிற்பவன் தன் உயரத்துக்கு மீறி ஆசைப்படுகிறவன். பெண்பிள்ளை பொம்மையைத் தொட்டிலில் ஆட்டுகிறாள், ஆண்பிள்ளை முரசு கொட்டுகிறான். யார் வீட்டுக்கு, யார் வெளிக்கு என்று அந்த வயதிலேயே பிரித்தாயிற்று! திருமண நூலில் இந்தப் படம் ஏன் இருக்கிறது என்பதே பாட்டில்தான் புரியும். 1614இல் ரூமர் ஃபிஸ்ஸர் வெளியிட்ட தொகுப்பிலும், படத்தோடு புத்திமதி சொல்லும் நூல் அது, சாட்டையால் அடித்துச் சுற்றவிடும் பம்பரம் இப்படித்தான்: சாட்டை ஓங்கியிருக்கும்வரை சுற்றும்.

வெட்டும்போது அச்சுக்கூடத்தின் தடயமும் போய்விடுகிறது. செப்புத்தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும். அதைத் தாளுக்குக் கொண்டுவர உருளை அச்சு வேண்டும். ஈய எழுத்தில் மை மேட்டில் நிற்கும். ஆகவே படமும் பாட்டும் உள்ள ஒரே தாள் இரண்டு அச்சுப்பொறிகளில் ஏறி இறங்கியிருக்கும். பாட்டுக்குப் படம் லேசாகக் கோணியிருந்தால் அது குறையில்லை. தகட்டு விளிம்பு அழுந்திய பள்ளத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், ஓரம் மிஞ்சியிருந்தால் தெரியும்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஒரு காசுக்கு விற்ற மரக்கட்டை அச்சுத்தாள்கள் வேறு வகை. அவற்றில் படமும் எழுத்தும் ஒரே அழுத்தில் விழுந்தவை. கோட்டைத் தாண்டி வழிந்த சிவப்பும் மஞ்சளும் அவசரத்தில் கையால் பூசியவை. “அழுக்கைக் கழுவித் தாருங்கள்” என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் பட்டால் அந்த நிறம் ஓடிவிடலாம். தயவுசெய்து நீங்களாகக் கழுவாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே வெட்டிய படம் கையில் இருந்தால், நூலகங்களின் டிஜிட்டல் சேகரிப்பில் முழு நூலைத் தேடுங்கள். பாட்டின் பிரதியைப் படத்தோடு வையுங்கள். நூற்பெயரையும் பக்கத்தையும் தாளில் எழுதாமல், தாங்கும் அட்டையின் பின்புறம் பென்சிலால் குறியுங்கள்.