ஊட்டிக் காற்றும் சப்வூஃபர் பெட்டியும்

பாஸ் எனும் கீழ்ச்சுதி ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரைக் காருக்கு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். அட்டைப் பெட்டியிலும் 1200, 1500 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் அளவு பொடி எழுத்தில் 250 என்றோ 300 என்றோ இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் அதுவும் எவ்வளவு பவர் தாங்கும் என்பதைத்தான் சொல்லும். பாஸ் சுத்தமாக இருக்குமா என்பதைச் சொல்லாது. அதை முடிவு செய்வது சப்வூஃபரும், அது உட்காரும் பெட்டியும், காரின் உட்புறமும் ஒன்றோடொன்று பொருந்துகிற விதம். நீலகிரியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கூடுதலாக இன்னொன்றும் உண்டு: உயரம்.

பெட்டி எதற்கு? சப்வூஃபரின் கோன், அதாவது முன்னும் பின்னும் ஆடும் கூம்பு, முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் காற்றை இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளமான அலைக்கு ஒரு சின்ன கோனைச் சுற்றி வருவது பெரிய விஷயமில்லை. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டி பின்பக்க ஒலியை அடைத்து வைக்கிறது. கூடவே இன்னொரு வேலையும் செய்கிறது: உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங்காகிவிடுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அழுத்தினால் கைப்பிடி திமிறிக்கொண்டு திரும்பி வருமே, அதே காற்றுதான் இங்கே கோனைப் பிடித்துத் தள்ளுகிறது. பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் விறைப்பாகும்.

இதற்கெல்லாம் கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் அடித்தளம் போட்டார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். அவர்கள் பெயரிலேயே வழங்கும் அளவுகளில் மூன்று நமக்குப் போதும், நல்ல சப்வூஃபரின் கையேட்டில் அவை இருக்கும். எஃப்எஸ் என்பது கோன் தானாக ஆட விரும்பும் அதிர்வெண். க்யூடிஎஸ் என்பது அந்த ஆட்டம் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதன் அளவு; எண் குறைந்தால் கட்டுப்பாடு அதிகம். விஏஎஸ் என்பது கோனைத் தாங்கும் தொங்கலுக்கு (சஸ்பென்ஷன்) சமமான ஸ்பிரிங் தன்மை எத்தனை லிட்டர் காற்றுக்கு உண்டு என்பது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 40 லிட்டர் கொண்ட சப்வூஃபரை 27 லிட்டர் மூடிய பெட்டியில் வைக்கிறோம். 40ஐ 27ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1.57. எஃப்எஸ்ஸையும் க்யூடிஎஸ்ஸையும் இதால் பெருக்க வேண்டும். பெட்டிக்குள் அதிர்வெண் 47 ஹெர்ட்ஸ் ஆகிறது, க்யூ 0.71 ஆகிறது. 0.7 என்பதுதான் எந்த அதிர்வெண்ணும் தூக்கலாகக் கேட்கும் மேடு இல்லாமல், பாஸ் சீராக இறங்கும் அளவு. இடம் மிச்சம் என்று 15 லிட்டரில் அடைத்தால் க்யூ 0.86 ஆகி, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன மேடு தலைகாட்டும். பெட்டி இன்னும் சுருங்கினால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுதியில் "டம் டம்" என்று அடிக்கும். பல பேர் அதைத்தான் நல்ல பாஸ் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது மலை ஏறுவோம். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிவிடுவது இதனால்தான். காற்று ஸ்பிரிங்கின் விறைப்பு அழுத்தத்தைப் பொறுத்தது. ஆக, அதே பெட்டி ஊட்டியில் தளர்ந்த ஸ்பிரிங்காகிறது. 40 லிட்டராக இருந்த விஏஎஸ் சுமார் 31 ஆகிறது. கணக்கைத் திரும்பப் போட்டால் 44 ஹெர்ட்ஸ், க்யூ 0.66. மூன்று ஹெர்ட்ஸ் கீழே இறங்கி, இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் கேட்கும். கெடுதல் ஒன்றுமில்லை.

இழப்பு சத்தத்தில்தான். காற்று மெலிந்திருப்பதால் கோன் அதே அளவு ஆடினாலும் இரண்டு டெசிபலுக்குச் சற்று அதிகமாகக் குறையும். அதை ஈடுகட்ட, சப்வூஃபருக்கு பவர் தரும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஏறக்குறைய 1.7 மடங்கு பவர் தர வேண்டும். பெரிதாகத் தோன்றினாலும் காதுக்கு அது லேசான வித்தியாசமே. மலைக்காக சப்வூஃபரை மாற்ற வேண்டாம்; ஆம்ப்பில் கொஞ்சம் கூடுதல் திறன் இருந்தால் போதும்.

துளைக்குழாய் வைத்த போர்ட் பெட்டியில் நடப்பது இன்னும் சுவாரஸ்யம். அங்கே குழாயிலுள்ள காற்று எடையாகவும் பெட்டியிலுள்ள காற்று ஸ்பிரிங்காகவும் ஆடுகின்றன. மலையில் ஸ்பிரிங் தளர்கிறது, எடையும் அதே விகிதத்தில் குறைகிறது. இரண்டும் ஈடாகிவிடுவதால் உயரம் குழாயின் சுதியைத் தொடுவதில்லை. வெப்பநிலை மட்டும் தொடும்: 35 டிகிரி கோவையில் 35 ஹெர்ட்ஸுக்குச் சுதி சேர்த்த பெட்டி, 10 டிகிரி ஊட்டிக் காலையில் ஒன்றரை ஹெர்ட்ஸ் இறங்கும். யாருக்கும் தெரியாது.

அப்படியிருந்தும் நான் மூடிய பெட்டியைத்தான் சொல்வேன், காரணம் காரேதான். காரின் உட்புற நீளம் அரை அலைநீளத்தைவிடக் குறைவாக இருக்கும் ஒலிகளில், உள்ளேயிருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அழுத்தப்பட்டுத் தளர்கிறது. மூன்று மீட்டர் நீளமென்றால் சுமார் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே இது தொடங்கும். அதற்குக் கீழ் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், கொள்கையளவில், கார் 12 டெசிபல் கூட்டித் தருகிறது. மூடிய பெட்டியோ அதே வேகத்தில் 12 டெசிபல் குறைக்கிறது. கூட்டலும் கழித்தலும் நேராகி, 20 ஹெர்ட்ஸ் பக்கம் வரை பாஸ் சமமாக நீள்கிறது. நிஜக் காரில் கதவும் கூரையும் நெளிவதால் இவ்வளவு முழுசாகக் கிடைக்காது, ஆனால் திசை இதுதான். போர்ட் பெட்டி 24 டெசிபல் வேகத்தில் சரிவதால் இந்தப் பொருத்தம் அதற்குக் கிடையாது. சுதிக்குக் கீழே கோனைப் பிடிக்க ஆளில்லாமல் போவதால் மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டரும் கட்டாயம் வேண்டும். சத்தம்தான் முக்கியம் என்பவர்களுக்கு போர்ட் நல்லது. அவர்கள் முதுமலை வழியாகப் போகும்போது மட்டும் அணைத்துவிட்டால் புண்ணியம். நம்மூர் யானைகளின் தாழ்ந்த உறுமலும் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் இருக்கிறது.

மலைப்பாதையில் பாஸுக்கு உண்மையான எதிரி என்ஜின். பர்லியார் தாண்டி இரண்டாவது கியரில் 2400 ஆர்பிஎம்மில் ஏறும் நான்கு சிலிண்டர் வண்டி 80 ஹெர்ட்ஸில் முனகும். மூன்று சிலிண்டர் என்றால் 60. சப்வூஃபர் பாடும் அதே இடம். அதை அமுக்க பாஸ் குமிழைத் திருப்பினால் மேலே போய் வண்டியை நிறுத்தியதும் காது வலிக்கும். அந்தக் காசுக்குக் கதவுகளுக்கும் டிக்கித் தரைக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டலாம். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வைத்தால் பாஸ் பின்னாலிருந்து வருகிறது என்பதும் தெரியாது.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சமவெளியில் 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அருமையான பெட்டி தரும். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் ஊரில் அது விளிம்பில் ஈரம் குடித்து உப்பி, மூட்டு விட்டுவிடும். காற்று கசிந்தால் அப்புறம் மூடிய பெட்டி மூடிய பெட்டியே இல்லை. மரைன் ப்ளைவுட் போடுங்கள், உள் மூட்டுகளை சீலன்ட் வைத்து அடையுங்கள். கோனின் ஓரம் ஃபோமாக இல்லாமல் ரப்பராக இருக்கட்டும், ஃபோம் ஈரத்தில் சீக்கிரம் பொடிந்துவிடும். பெட்டியை டிக்கித் தரையோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், 20 கிலோ பெட்டி ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும்.