எட்டு லிட்டர் குடித்தும் மயங்கிய தம்பி

சித்திரை மாதம், பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒரு இளைஞரைச் சரக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அவருடைய சைக்கிளும் அதே வண்டியில் கிடந்தது. திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கிளம்பிய இரண்டு நண்பர்கள். புதுக்கோட்டை, திருமயம் வழியாக வந்து, கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்துவிட்டு இரவு காரைக்குடியில் தங்குவதாகத் திட்டம். 90 கிலோமீட்டர்தான், பழகிய கால்களுக்குப் பெரிய தூரமில்லை. ஆனால் அன்று கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. போதாததற்கு எதிர்க்காற்று.

“தண்ணிக்குக் குறையே வைக்கலை சார். எட்டு லிட்டராவது குடிச்சிருப்பான். சீக்கிரம் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று பதறினார் கூட வந்தவர்.

உடம்பைத் தொட்டால் கொதிக்கவில்லை. 99.8 டிகிரிதான். கடுமையான தலைவலி, இரண்டு முறை வாந்தி. விரல்கள் உப்பி மோதிரம் இறுகியிருந்தது. பெயரைச் சரியாகச் சொன்னார். “இது எந்த ஊர் தம்பி?” என்றால் “திருச்சி” என்றார். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, லிட்டருக்கு 122 மில்லிமோல். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது.

வியர்வையோடு உப்பும் போகிறது. சைக்கிளில் போகும்போது எதிரே வீசும் காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு போனது என்றே தெரியாது. நிறுத்தி இறங்கியதும்தான் கொட்டும். சட்டையில் வெள்ளைக் கோடுகள் படிந்திருந்தால் அது போன உப்பு. அந்த நேரத்தில் வெறும் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். நீண்ட நேர உழைப்பின்போது, குடித்ததை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும் ஹார்மோனும் உடம்பில் கூடுதலாகச் சுரக்கும். நீர் செல்களுக்குள் புகுந்து மூளை வீங்கும். முதலில் தலைவலி, வாந்தி, குழப்பம். அப்படியே விட்டால் வலிப்பு, நினைவிழப்பு, உயிருக்கே ஆபத்து.

குளுக்கோஸ் பாட்டில் என்றால் தெம்பு என்று நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தச் சர்க்கரையை உடம்பு எரித்தபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர்தான். அந்தத் தம்பிக்கு அதை ஏற்றியிருந்தால் மூளை வீக்கம் கூடியிருக்கும். 3 சதவீத உப்புக் கரைசல் 100 மில்லியைப் பத்து நிமிடத்தில் ஏற்றினோம், பிறகு இன்னொரு முறை. ஒரு மணி நேரத்தில், “காரைக்குடி வந்தாச்சா?” என்று அவரே கேட்டார். கூட வந்தவர் அழுதுவிட்டார்.

சரி, எவ்வளவுதான் குடிப்பது? தாகம் எடுக்கும்போது குடியுங்கள், கணக்குக்காகக் குடிக்காதீர்கள். கிளம்பும் முன்பும் சேர்ந்த பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அன்று அதற்கு மேல் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு பாட்டிலில் ஒன்று உப்புச் சேர்ந்ததாக இருக்கட்டும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டரில் கரையுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இனிப்பு பானங்கள் பலவும் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்றதை 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. இந்தப் பக்கம் வீடுகளில் தரும் உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் அதைவிட மேல். பையில் நாலு சீடை, தேன்குழல் இருந்தால் இன்னும் நல்லது.

வெயில் நேரத்தில் ஓட்டவே வேண்டாம் என்பேன். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக்காரர்கள் போவது தை மாதத்தில். நீங்களும் முடிந்தால் மார்கழி, தையில் வாருங்கள். சித்திரையில் வந்தே ஆக வேண்டுமென்றால் விடியுமுன் கிளம்பி, பத்தரைக்குள் ஒரு திண்ணையில் ஒதுங்குங்கள். கால் வலிக்கிறது என்று வழியில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைப் போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சோடியம் குறைவதற்கும் துணைபோகும்.

எல்லா மயக்கமும் இந்த ரகம் அல்ல. உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சும் குழறினால் அது வெப்பத்தாக்கு. உள்சூடு 104 டிகிரி தாண்டியிருக்கும். அப்போது உப்பு, தண்ணீர் என்று யோசிக்க நேரமில்லை. 108-ஐ அழைத்துவிட்டு, ஆளை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். பாராசிட்டமால் அந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

எது எது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கூட ஓட்டுபவர் வழக்கமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அங்கேயே நிறுத்துங்கள். மருத்துவமனைக்கு வந்தால் முதலில் மூன்றைச் சொல்லுங்கள்: எத்தனை மணி நேரம் ஓட்டினார், என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார். அன்று அந்த நண்பர் பதற்றத்தில் “எட்டு லிட்டர்” என்று சொன்னதால்தான் சோடியத்தை உடனே பார்க்கத் தோன்றியது.