எடிட்டரைத் தூங்க விடுங்கள்: அமிகாவில் மற்ற வேலைகளைக் கெடுக்கும் டெக்ஸ்ட் எடிட்டர்கள்

கமடோர் நிறுவனத்தின் பழைய வீட்டுக் கணினியான அமிகா 500-இல் ஒரு ஜன்னலில் சி கம்பைலர் (சி மொழி நிரலை மெஷினுக்குப் புரியும்படி மொழிபெயர்ப்பது) ரேம் டிஸ்க்கிலிருந்து (நினைவகத்தில் அமைத்த தற்காலிக டிஸ்க்) ஓடுகிறது. இன்னொரு ஜன்னலில் எடிட்டர் திறந்தபடி கிடக்கிறது. அதில் யாரும் எதுவும் தட்டவில்லை, கர்சர் மட்டும் மினுக்குகிறது. எடிட்டரை மூடியிருந்தால் நான்கு நிமிடத்தில் முடிகிற கம்பைல் இப்போது எட்டு நிமிடம் இழுக்கிறது.

இதே புகார் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் பழி மெஷின் மீதுதான் விழுகிறது. "பழைய 68000 பிராசஸர் தானே, 7 மெகாஹெர்ட்ஸ் தானே, இதற்கு மேல் என்ன முடியும்" என்கிறார்கள். தாராளமாக முடியும். நன்றாகத் தட்டுகிறவர் வினாடிக்கு ஐந்து எழுத்து தட்டுவார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எழுத்துக்கு நடுவே 200 மில்லி வினாடி இருக்கிறது. ஐரோப்பாவின் பால் (PAL) டிவி முறைக்கான அமிகாவின் 7.09 மெகாஹெர்ட்ஸில் அது 14 லட்சம் கிளாக் சுற்றுக்கும் மேல். ஓர் எழுத்தைத் திரையில் போட அதில் சிறு பகுதி போதும். மீதி முழுவதும் கம்பைலருக்குப் போய்ச் சேர வேண்டியது. சேரவில்லையென்றால் நடுவில் ஒருவர் அதை எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

அதைவிட எரிச்சலூட்டும் பதில், எடிட்டர் எழுதுகிறவர்களிடமிருந்து வருகிறது. "அமிகாவில் 1985 முதலே ப்ரீஎம்ப்டிவ் மல்டிடாஸ்கிங் (ஓடும் புரோகிராமைச் சிஸ்டமே இடைநிறுத்தி அடுத்ததை ஓட்டும் முறை) இருக்கிறது. என் புரோகிராம் என்ன செய்தாலும் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்." இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் நிதானமாக உடைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கோளாறுகளும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

கார்ல் சாசென்ராத் வடிவமைத்த எக்ஸெக் கர்னல் (அமிகா சிஸ்டத்தின் மையப் பகுதி) செய்வது மிக எளிய காரியம். ஓடத் தயாராக நிற்கும் டாஸ்க்குகளில் (வேலைகளில்) முன்னுரிமை எண் பெரிதாக உள்ளதை ஓட்டும். எண் சமமாக இருந்தால் முறை வைத்து மாற்றி மாற்றி ஓட்டும். ஒரு டாஸ்க் உருப்படியான வேலை செய்கிறதா, வெறுமனே சுற்றுகிறதா என்று அது பார்ப்பதில்லை. "விசை அழுத்தினாரா? இப்போது? இப்போது?" என்று லூப்பில் கேட்டுக்கொண்டே இருக்கும் எடிட்டரும், ஆயிரம் வரி நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரும் எக்ஸெக்குக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் எண் 0 என்றால் நேரம் சரிபாதி. நான்கு நிமிடம் எட்டான கணக்கு இதுதான். எடிட்டரின் எண் 1 என்றால் நிலைமை இன்னும் மோசம். எடிட்டர் ஓடத் தயாராக நிற்கும்வரை கம்பைலருக்கு ஒரு சுற்றுகூடக் கிடைக்காது. நீண்ட நேரம் காத்திருந்த டாஸ்க்கை எக்ஸெக் தானாக மேலே தூக்கிவிடாது. ப்ரீஎம்ப்டிவ் என்றால் நியாயமான பங்கீடு என்று யாரோ சொல்லிவைத்ததை எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் "எடிட்டர் மந்தமாக இருக்கிறது, முன்னுரிமையைக் கூட்டிவிட்டேன்" என்று யாராவது சொன்னால் பதற்றமாக இருக்கிறது. முன்னுரிமை வேகம் தராது, வரிசையில் இடம் மட்டுமே தரும். அமிகாடாஸின் (கோப்புகளையும் கட்டளைகளையும் கவனிக்கும் சிஸ்டம் பகுதி) முன்னுரிமை மாற்றும் சேஞ்ச்டாஸ்க்பிரி கட்டளை -128 முதல் 127 வரை எதையும் ஏற்றுக்கொள்ளும். கையேடோ -5 முதல் 5-க்குள் நிறுத்தச் சொல்கிறது. காரணமில்லாமல் சொல்லவில்லை. மவுஸையும் விசைப்பலகையையும் கவனிக்கும் இன்புட் டிவைஸ் டாஸ்க்கின் எண் 20. சும்மா சுற்றும் எடிட்டருக்கு 21 கொடுத்துப் பாருங்கள்: அம்புக்குறியே நகராது, எடிட்டரை மூடவும் வழி இருக்காது, ரீசெட்தான் கதி.

எந்தத் தவறு என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பின்னணியில் ஒரு மாட்யூல் (அமிகாவின் இசைக் கோப்பு வகை) இசையை ஓடவிட்டு எடிட்டரைப் பயன்படுத்துங்கள். இன்டரப்டில் (ஹார்ட்வேர் அழைத்ததும் டாஸ்க்குகளை இடைமறித்து ஓடுவது) ஓடும் பிளேயராக இருக்க வேண்டும். அம்புக்குறி நன்றாக நகர்கிறது, மற்ற புரோகிராம்கள் மட்டும் தவழ்கின்றன என்றால் அது வெற்று லூப். அம்புக்குறி உறைந்து, இசை மட்டும் தொடர்ந்தால் எடிட்டர் ஃபர்பிட் போட்டு டாஸ்க் மாற்றத்தையே நிறுத்தியிருக்கிறது. இசையும் திக்கினால் டிசேபிள் போட்டு இன்டரப்டையே அடைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வலது பட்டனை அழுத்தி மெனுவை விரித்து வைத்திருக்கும்போது மற்ற ஜன்னல்களில் எழுத்து நின்றுபோவது ஜன்னல்களையும் மெனுக்களையும் கவனிக்கும் இன்ட்யூஷன், லேயர்களை (ஜன்னல்களின் வரைபரப்புகளை) பூட்டுவதால். பட்டனை விட்டதும் சரியாகிவிடும். அதற்கு எடிட்டரைத் திட்ட வேண்டாம்.

எழுதுகிறவர்களுக்கு வருவோம். எடிட்டரின் மையம் வெயிட் அழைப்பு, அதாவது சிக்னல் வரும்வரை டாஸ்க்கைத் தூங்கவைக்கும் அழைப்பு. ஜன்னலின் யூசர்போர்ட் (செய்திகள் வந்து சேரும் இடம்) சிக்னல் பிட், கண்ட்ரோல்-சி பிட், ஏரெக்ஸ் (புரோகிராம்களை வெளியிலிருந்து இயக்கும் ஸ்கிரிப்ட் மொழி) போர்ட் இருந்தால் அதன் பிட், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வெயிட்டில் கொடுங்கள். எதுவும் வராதவரை உங்கள் டாஸ்க் வரிசையிலேயே இருக்காது, சிபியு செலவு பூஜ்யம். எழுந்தவுடன் கெட்மெஸேஜை (அடுத்த செய்தியை எடுக்கும் அழைப்பு) வெறுமை வரும்வரை திரும்பத் திரும்ப அழையுங்கள். ஒரு சிக்னலுக்குப் பின்னால் ஐந்து செய்திகள் நிற்கலாம். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி தூங்கினால் தட்டிய எழுத்துகள் பின்தங்கி வரும். அதைக் கண்டு பயந்துதான் பலர் வெற்று லூப்புக்குத் திரும்புகிறார்கள். செய்தியின் வகை, கோட் (எந்த விசை), குவாலிஃபையர் (ஷிஃப்ட் போன்ற துணை விசை) மூன்றையும் நகலெடுத்துக்கொண்டு உடனே ரிப்ளை செய்துவிடுங்கள், அதாவது செய்தியை அனுப்பியவருக்கே திருப்பிவிடுங்கள். வரி முழுவதையும் வரைந்து முடித்துவிட்டு ரிப்ளை செய்தால், இன்ட்யூஷன் புதிது புதிதாகச் செய்திகளுக்கு நினைவகம் ஒதுக்கிக்கொண்டே போகும்.

கர்சர் மினுக்க வேண்டுமா? இன்ட்யூடிக்ஸ் என்ற கடிகாரச் செய்தி வினாடிக்குச் சுமார் பத்து முறை வரும், நான்கைந்து வரும்போது ஒருமுறை மாற்றுங்கள். முந்தையதற்கு ரிப்ளை செய்யாவிட்டால் அடுத்தது வராது, ஆகவே குவியாது. டிலே (குறித்த நேரம் காத்திருக்கும் அழைப்பு) வைத்து ஒப்பேற்றுகிறவர்கள், அதன் அலகு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்பதையும், சிஸ்டத்தின் 1.3 வரையிலான பதிப்புகளில் டிலேக்கு 0 கொடுத்தால் டைமரும் ஃப்ளாப்பியும் தடுமாறும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். மவுஸ் பட்டனை அறிய சிஐஏ (உள்ளீடு-வெளியீட்டுச் சிப்) சிப்பின் பிட் 6-ஐ லூப்பில் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது மெஷின் முழுவதும் தனக்கே என்று எழுதப்படும் விளையாட்டு நிரல்களின் வழக்கம். வொர்க்பெஞ்சில் (அமிகாவின் டெஸ்க்டாப்) திறக்கும் எடிட்டருக்கு ஆகாது.

ஃபர்பிட்டை எடிட்டரில் எதற்குப் போடுகிறார்கள் என்றே புரியவில்லை. "சேமிக்கும்போது யாரும் குறுக்கே வரக்கூடாது" என்பது வழக்கமான விளக்கம். ஃபர்பிட் போட்டுவிட்டு ரீட், ரைட் அழைத்தால், அவை உள்ளே வெயிட் செய்யும். வெயிட் செய்த கணத்தில் டாஸ்க் மாற்றம் திரும்ப வந்துவிடும். நீங்கள் தேடிய பாதுகாப்பு அந்த இடத்தில் இல்லவே இல்லை. உங்கள் டாஸ்க்குகளுக்குள் ஒரு பட்டியலைக் காக்க வேண்டுமென்றால் செமஃபோர் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போடுங்கள். மற்ற புரோகிராம் கோப்பைத் தொடாதிருக்க வேண்டுமென்றால் டாஸ் லாக் இருக்கிறது.

டிசேபிள் இன்னும் கொடுமை. அதை 250 மைக்ரோ வினாடிக்கு மேல் நீட்டக்கூடாது என்று சிஸ்டம் ஆவணம் சொல்கிறது. மிடி (இசைக்கருவி இணைப்பு) 31,250 பாடில் (வினாடிக்கு இத்தனை பிட்) ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோ வினாடி. 9,600 பாட் மோடத்தில் சுமார் ஒரு மில்லி வினாடி. சீரியல் போர்ட்டைக் கவனிக்கும் பவுலா சிப் பெற்ற பைட்டை உடனே எடுக்கவில்லையென்றால் அடுத்தது அதன் மேல் வந்து விழும். ஸ்க்ரோல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று டிசேபிள் போட்ட எடிட்டர், பின்னணியில் ஓடும் டவுன்லோடைப் பிழைமேல் பிழையாக்கும். பயனர் போன் லைனைச் சபித்துக்கொண்டிருப்பார். ஃபர்பிட்டும் இதில் தப்பாது. சீரியல் பஃபர் 512 பைட் என்று வைத்திருந்தால், 2,400 பாடில் அது இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் மேலே நிறைந்துவிடும். ஃபர்பிட் போட்டு மூன்று வினாடி வரிசைப்படுத்துகிற எடிட்டர் அதை வழிய வைக்கும்.

திரையும் மல்டிடாஸ்கிங் விஷயம்தான். எடிட்டருக்கென்று 640 புள்ளி அகலத்தில் 16 வண்ணத் திரை திறப்பது அழகாகத் தெரியலாம். பழைய சிப்செட்டில் நான்கு பிட்பிளேன் (புள்ளிக்கு ஒரு பிட் தரும் படத் தளம்) கொண்ட 640 புள்ளி ஹைரெஸ் திரை, படம் வரையப்படும் நேரம் முழுவதும் சிப் ரேமின் (சிபியுவும் படச் சிப்களும் பகிரும் நினைவகம்) எல்லா இடைவெளிகளையும் தின்றுவிடும். சிப் ரேமில் ஓடும் புரோகிராம்கள் அந்த நேரம் முழுவதும் நின்று, ஓரங்களிலும் திரை திரும்பும் இடைவெளியிலும் மட்டும் நகரும். அமிகா 500-இன் அடிமூடியில் செருகும் 512 கேபி விரிவாக்கமும் அதே பஸ்ஸில்தான் இருக்கிறது, அதுவும் தப்பாது. நான்கு வண்ணம் போதும்: 640-க்கு 256, இரண்டு பிளேன், 40,960 பைட். கம்பைலருக்குத் தடையில்லை, ஸ்க்ரோல் செய்ய பிளிட்டருக்கும் (படத்துண்டுகளை நகர்த்தும் சிப் பகுதி) பாதி வேலை. நினைவகத்திலும் இதே நிதானம் வேண்டும். இருப்பதில் பெரிய துண்டு முழுவதையும் தொடக்கத்திலேயே பிடித்து வைக்காதீர்கள். அமிகாடாஸுடன் வந்த ஈடி எடிட்டர் 40,000 பைட்டுடன் தொடங்கி, கூடுதல் வேண்டுமென்றால் சைஸ் என்று கேட்க வைத்தது. அது மரியாதையான வழி.

கோப்பைப் படித்து முடித்ததும் மூடுங்கள். எழுதுவதற்காகத் திறந்ததை மூடாமல் வைத்திருந்தால் கம்பைலருக்கு 202-ஆம் பிழைதான் கிடைக்கும், பொருள் பயன்பாட்டில் இருக்கிறது என்று. எழுத்துக்கு ஒரு ரைட் அழைப்பு வேண்டாம். ஒவ்வொன்றும் ஃபைல் சிஸ்டத்துக்கு ஒரு பாக்கெட் (கோரிக்கைச் செய்தி), போகவும் வரவும் டாஸ்க் மாற்றம். மொத்தமாக ஒரே ரைட்டில் தள்ளுங்கள். கம்பைலர் படித்துக்கொண்டிருக்கும் அதே 880 கேபி ஃப்ளாப்பியில் தானியங்கிச் சேமிப்பையும் வைத்தால் தலை அங்குமிங்கும் அலைந்து இரண்டு வேலையும் கெடும். 1.3 முதல் கிடைக்கும் ராட் என்ற ரேம் டிஸ்க்கில் வையுங்கள், சாதாரண ரீசெட்டைத் தாங்கும்.

தனித் திரை திறக்கும் எடிட்டர் தன் ப்ராசஸின் விண்டோபாயிண்டரை (சிஸ்டம் கேள்விகள் எந்த ஜன்னலின் திரையில் வர வேண்டும் என்ற குறிப்பு) தன் ஜன்னலுக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் "டிஸ்க்கைச் செருகவும்" என்ற கேள்வி பின்னால் வொர்க்பெஞ்ச் திரையில் மறைந்து நிற்கும், எடிட்டர் தொங்கிவிட்டதாகப் பயனர் ரீசெட் அடித்து எழுதியதை இழப்பார். வெளியேறும் முன் பழைய மதிப்பைத் திரும்ப வையுங்கள்.

பயனர்களே, ரீசெட்டுக்கு முன் இடது அமிகா விசையுடன் N விசையை அழுத்தி வொர்க்பெஞ்சைப் பாருங்கள், பாதி நேரம் அந்தக் கேள்விதான் காத்திருக்கும். உங்கள் எடிட்டரைச் சோதிக்க, ரேம் டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பைச் சுருக்கக் கொடுத்து நேரம் குறியுங்கள்: ஒருமுறை எடிட்டர் மூடி, ஒருமுறை திறந்து கைபடாமல். நேரம் ஏறக்குறைய இரட்டித்தால் அது சுற்றுகிறது. ஸ்டேட்டஸ் ஃபுல் கட்டளை ஷெல்லிலிருந்து (கட்டளை ஜன்னல்) தொடங்கிய ஒவ்வொன்றின் முன்னுரிமையையும் காட்டும்.

அந்த எடிட்டரை விட மனமில்லையென்றால் அதற்கென்று தனி ஷெல் திறந்து, முதலில் சேஞ்ச்டாஸ்க்பிரி -1 கொடுத்து, பிறகு அதிலிருந்தே ரன் போட்டு எடிட்டரைத் தொடங்குங்கள். ஷெல்லின் எண் எடிட்டருக்கும் வரும். வொர்க்பெஞ்ச் 2.0 முதல், ஐகானின் டூல் டைப்பில் (அமைப்பு வரி) டூல்பிரி=-1 என்று எழுதினாலும் போதும். கம்பைலர் முழு வேகத்தில் ஓடும், மிச்ச நேரத்தில் எடிட்டர் சுற்றிக்கொள்ளட்டும். கம்பைல் ஓடும்போது அதில் தட்டுவது திணறும், முடிந்ததும் சரியாகும். அந்த ஷெல்லில் வேறு எதையும் தொடங்காதீர்கள், அதுவும் -1-இலேயே ஓடும்.