புகைக்கு ஒரு கோப்பு, வெப்பத்துக்கு ஒரு கோப்பு

டெல்டா மாவட்டங்களில் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் தொழில். கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பார்த்ததில் ஒரு விசித்திரம் பழகிவிட்டது. காற்று மாசு என்றால் ஒரு மேசை, காலநிலை மாற்றம் என்றால் வேறொரு மேசை. முதல் மேசையில் சாலைத் தூசி, தண்ணீர் லாரி, தெருக்கூட்டும் இயந்திரம் என்று பேச்சு ஓடும். இரண்டாவது மேசையில் அலையாத்திக் காடு, மரக்கன்று, சோலார். டவுன் பஸ்ஸைப் பற்றி இரண்டு மேசையிலும் யாரும் வாய் திறப்பதில்லை. அது போக்குவரத்துக்காரர்கள் பாடு என்று விட்டுவிடுகிறார்கள்.

டீசல் எஞ்சினுக்கோ இந்தப் பாகப்பிரிவினை எதுவும் தெரியாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். கூடவே கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வரும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் வானத்தில் தங்கும். கரித்துகள் சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில் கீழே இறங்கிவிடும். அதற்குள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும், நம் நெஞ்சுக்குள்ளும் இறங்கும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதி செய்துவிட்டது.

நைட்ரஜன் ஆக்சைடின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வெயிலில் அது மற்ற ஆவிகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாக மாறுகிறது. அந்த ஓசோன் மூச்சுக்குழாயை எரிக்கும். அதுவே ஒரு பசுமை இல்ல வாயுவும்கூட. இலைத்துளை வழியாக நெற்பயிருக்குள் புகுந்து விளைச்சலையும் குறைக்கும். ஆஸ்துமா, பனிப்பாறை என்று எவ்வளவு பேசினாலும் அசையாத தஞ்சாவூர்க்காரர்கள், பயிர் என்றதும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இரண்டு கோப்பாக வைத்திருந்தால் என்ன கெட்டுப்போகும்? ஐரோப்பாவைக் கேட்டால் சொல்வார்கள். பெட்ரோல் காரைவிட டீசல் கார் கிலோமீட்டருக்குக் குறைவான கார்பன் டை ஆக்சைடு விடும் என்ற ஒரே கணக்கை வைத்துப் பல நாடுகள் வரிச்சலுகை கொடுத்து டீசலை வளர்த்தன. காலநிலைக் கோப்பு திருப்தி அடைந்தது. நகரத் தெருக்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருளை உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் பொருத்தியிருந்தது வெளியே வந்தபோதுதான் முழுக்கதையும் புரிந்தது.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகனப் புகை விதிமுறை வந்தது. எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் வண்டிகளில் துகள் வடிகட்டி வந்தது. காற்றுக்கு அது பெரிய வரம். ஆனால் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் அதனால் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

இப்போது எல்லோரும் எதிர்பார்ப்பது மின்சாரப் பேருந்து. எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். டீசல் பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு அரை கிலோவுக்குச் சற்று மேலே கார்பன் டை ஆக்சைடு. மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் தின்னும், ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். நாட்டின் சராசரி மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, வெறும் சராசரி மின்சாரத்தில் ஓடினால் வெப்பக் கணக்கில் லாபம் இல்லை, சில சமயம் நஷ்டம்கூட. கும்பகோணத்தில் புகை போய்விடும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இதைச் சொன்னவுடன் ‘அப்போ மின்சார பஸ் வேண்டாமா’ என்று கேட்கிறார்கள். வேண்டும். எப்போது சார்ஜ் போடுகிறோம் என்பதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான். டவுன் பஸ்களுக்குக் காலையும் மாலையும்தான் நெரிசல். பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை பாதி வண்டிகள் காலியாகவே ஓடும். சூரிய மின்சாரம் அதிகமாகக் கிடைப்பதும் அதே நேரம்தான். அந்த இடைவெளியில் பணிமனைக்குள் இழுத்துச் சார்ஜ் போட்டால் இரண்டு கணக்கும் ஒரே சமயத்தில் தேறும். இரவு முழுக்க சார்ஜ் போடுகிற ஏற்பாடு செய்தால் ஒன்றுதான் தேறும். வண்டி வாங்கும் ஒப்பந்தத்தில் இதை எழுதாமல் விட்டுவிட்டுப் பின்னால் புலம்பிப் பயனில்லை.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. பெட்ரோல் பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 46 கிராம் கார்பன் டை ஆக்சைடு. அதில் பெரும்பாலும் ஒரே ஆள். அதே பழைய டீசல் டவுன் பஸ்ஸில் 50 பேர் ஏறினால் தலைக்கு 11 கிராம்தான். பஸ் நேரத்துக்கு வந்து ஆள் நிறைந்து ஓடுவதுதான் முதல் வேலை, எஞ்சினை மாற்றுவது அப்புறம். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை நலத்திட்டமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். ஸ்கூட்டி வாங்கவிருந்த குடும்பத்தைப் பஸ்ஸிலேயே இருக்க வைக்கும் எதுவும் என் கணக்கில் காலநிலைத் திட்டம்தான்.

பேருந்து நிலையத்துக்கு வருகிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, டெல்டாவில் எங்கும் இதே நிலைதான். அளவீட்டுக்குப் போனால் நடைமேடையில் நிற்கும் பஸ்களில் பாதி உறுமிக்கொண்டே நிற்கும். பக்கத்திலேயே பூக்கூடையோடு ஓர் அம்மா, டீக்கடை, டைம் கீப்பர் அறை. காற்றிலுள்ள தூசியை அளக்கும் கைக்கருவியில் எண் துள்ளும். (மார்கழி, தை மாதக் காலையில் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஒளியை வைத்து எண்ணும் மலிவான கருவிகள் பனித்துளியையும் தூசியாக எண்ணிவிடும். பனி விலகிய பிறகு அதே இடத்தில் திரும்ப அளக்க வேண்டும்.) எஞ்சினை அணைக்கலாமே என்று ஒரு ஓட்டுநரிடம் கேட்டேன்.

“ஆஃப் பண்ணிட்டா அப்புறம் தள்ளித்தான் சார் எடுக்கணும். பேட்டரி வீக். ஏர் வேற இறங்கிடும், திரும்ப ஏறுறதுக்குள்ள டைம் போயிடும்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. காற்றழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்குக்குத் தொட்டியில் அழுத்தம் இருந்தாக வேண்டும். குழாயில் கசிவு இருந்தால் எஞ்சினை அணைத்த சில நிமிடத்தில் அழுத்தம் இறங்கிவிடும். ஆக, அந்த நடைமேடைப் புகைக்குக் காரணம் செத்த பேட்டரியும் தேய்ந்த வாஷரும். பெரிய எஞ்சின் சும்மா உறுமினாலே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். நூறு பஸ், ஒவ்வொரு நடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் என்று பெருக்கினால் டீசல் செலவு மட்டுமே புது பேட்டரிகளின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் பேட்டரி வாங்குவதைக் காலநிலை நிதியில் எழுதலாம் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். மரக்கன்று என்றால் உடனே கையெழுத்து.

புகைச் சான்றிதழ் இதையெல்லாம் பிடிக்காதா என்று கேட்கலாம். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை பார்ப்பது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது புகை எவ்வளவு கறுப்பு என்பதை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடையும் கார்பன் டை ஆக்சைடையும் அது கண்டுகொள்வதில்லை.

பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நாடு முழுக்கச் சுமார் 130 நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. டெல்டாவுக்குத் திருச்சி மட்டும். செலவில் பெரும்பங்கு சாலைத் தூசியை அடக்கவே போனது என்று 2024-ல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (CSE) கணக்குச் சொன்னது: தூசிக்கு 64 சதவீதம், வாகனப் புகைக்குச் சுமார் 13 சதவீதம். தூசி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் தண்ணீர் தெளிக்கிறோம். ஒன்றிய அரசு 2023-ல் அறிவித்த மின்சாரப் பேருந்துத் திட்டமும் பொதுவாக 3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குத்தான். 2011 கணக்கில் தஞ்சாவூர் 2.2 லட்சம், கும்பகோணம் 1.4 லட்சம். முகூர்த்த நாளில் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நின்றவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை இயக்கம் இருக்கிறது. டவுன் பஸ்ஸை ஏற்ற இப்போதைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மேசை அது ஒன்றுதான்.

பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவது இப்போதைய போக்கு. திருச்சியில் 2025-ல் பஞ்சப்பூர் முனையம் திறந்தாயிற்று. நெரிசலான நடுநகரில் புகை குறையும், நல்லது. ஆனால் அங்கிருந்து வீட்டுக்குப் போக டவுன் பஸ் உடனே கிடைக்காவிட்டால் ஆட்டோவும் பைக்கும் அந்தத் தூரத்தை நிரப்பும். முனையம் எவ்வளவு பெரியது என்பதைவிட, இரவு பத்து மணிக்கு இறங்குபவருக்கு அடுத்த டவுன் பஸ் எத்தனை நிமிடத்தில் என்பதுதான் முக்கியம்.

அடுத்து வருவது 2028 மகாமகம். கும்பகோணத்தின் குறுகலான வீதிகளில் லட்சக்கணக்கானவர்கள் கூடுவார்கள். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டு, குளத்துக்கு வட்டப் பேருந்துகள் விட வேண்டியிருக்கும். அந்த வட்டப் பேருந்துகள் எத்தனை, எந்த எஞ்சின், எங்கே சார்ஜ், நிற்கும்போது அணைக்கப்படுமா, விழா முடிந்த பிறகு அவை இந்த ஊரிலேயே ஓடுமா என்பதையெல்லாம் டெண்டர் விடுவதற்கு முன்பே வார்டு கூட்டங்களில் கேட்க வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு போய்க் கேட்டால் “அடுத்த மகாமகத்துல பாத்துக்கலாம் சார்” என்பார்கள். அது 2040.