படிகத்தின் நீள அகலத்தைக் குறித்து வைத்தீர்களா?

ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு வரைபடத்தோடு என் அறைக்கு வந்தார். கடோலினியம் காலியம் கார்னெட் படிகம், அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு சதுரத் தகடு. 2 கெல்வினில் காந்தப் புலத்தைத் தகட்டின் பரப்புக்கு இணையாக வைத்து ஏற்புத்திறனை, அதாவது புலத்துக்கு ஏற்பப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதை, அளந்திருந்தார். செங்குத்தாக வைத்தும் அளந்திருந்தார். அது ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக வந்திருந்தது. "திசைச்சார்பு நல்லாத் தெரியுது சார்" என்றார். கட்டுரையின் முதல் வரைவும் தயார்.

கார்னெட் கனசதுரப் படிகம். குறைந்த புலத்தில் அதன் ஏற்புத்திறன் எல்லாத் திசையிலும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். சமச்சீர்மை வேறு வழி விடாது. அவர் அளந்தது படிகத்தின் குணத்தை அல்ல, தகட்டின் வடிவத்தை.

குளிர்நிலைக் காந்த அளவீட்டு வேலையில் இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன். இருமுனை இடைவினை (அணுக்கள் குட்டிக் காந்தங்களாக ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசை) மிகச் சிறியது, விட்டுவிடலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுதான் இதற்கு வேர் என்று நினைக்கிறேன். அந்தப் பாடத்தில் பாதி சரி. இரும்பில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கின்றன. ஒவ்வொன்றின் திருப்புத்திறன், அதாவது காந்த வலிமை, அணுக் காந்தங்களை அளக்கும் அலகில் 2.2 போர் மேக்னட்டான். இரண்டும் காந்தங்களாக ஒன்றையொன்று இழுக்கும் ஆற்றலை வெப்பநிலையாகச் சொன்னால் அரை கெல்வின்கூட வராது. இரும்போ 1043 கெல்வின் வரை ஃபெர்ரோ காந்தமாக, அதாவது அணுக் காந்தங்கள் தாமாகவே ஒரே திசையில் அணிவகுத்து, நிற்கிறது. ஆகவே, "அணுக்கள் குட்டிக் காந்தங்கள், ஒன்றையொன்று ஈர்த்து வரிசையாக நிற்கின்றன" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். இந்த அணிவகுப்பை விளக்க 1907-இல் இயற்பியலாளர் வைஸ் ஊகித்த வலிமையான உட்புலத்துக்கு 1928-இல் ஹைசன்பர்க் காரணம் சொன்னார்: எலக்ட்ரான்களின் மின் விலக்கமும் பாலியின் தவிர்ப்பு விதியும் சேர்ந்து உண்டாக்கும் பரிமாற்ற இடைவினை.

மறு பாதியைத்தான் நாம் சொல்லாமல் விடுகிறோம். பரிமாற்ற இடைவினை பெரும்பாலான காந்த மின்காப்புப் படிகங்களில் அண்டை அணுக்களைத் தாண்டியதும் அடங்கிவிடும். இருமுனை இடைவினை தொலைவின் மும்மடிக்கு ஏற்பத்தான் குறைகிறது. ஓர் அணுவைச் சுற்றி ஓடு ஓடாகக் கணக்கிட்டுப் பாருங்கள்: தொலைவு கூடக்கூட ஓட்டிலுள்ள அணுக்களின் எண்ணிக்கை அதன் இருமடியாகப் பெருகும். அதனால் தொலைவில் உள்ளவற்றை ஒதுக்கிவிட முடியாது. கூட்டுத்தொகை படிகத்தின் மேற்பரப்பு எங்கே, எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்து மாறும். தகட்டுக்கு ஒரு விடை, ஊசிக்கு இன்னொரு விடை. மாணவரின் 20 சதவீதம் வந்தது இங்கிருந்துதான்.

இன்னொன்று, திசை. எளிய பரிமாற்ற இடைவினைக்கு இரண்டு ஸ்பின்களுக்கு (அணுக்களின் குட்டிக் காந்தங்களுக்கு) இடையிலான கோணம் மட்டும்தான் கணக்கு. படிகத்தில் அவை எந்தப் பக்கம் நோக்கினாலும் ஒன்றுதான். இருமுனைகள் அப்படியல்ல. ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் ஒரே திசையை விரும்பும், பக்கவாட்டில் நின்றால் எதிர்த்திசையை விரும்பும். மாங்கனீஸ் ஆக்சைடில் சுமார் 118 கெல்வினுக்குக் கீழே ஸ்பின்கள் அடுக்கடுக்காக எதிரெதிரே அமைவது பரிமாற்றத்தின் வேலை. அவை அந்த அடுக்கின் தளத்திலேயே படுத்துக்கொள்வது இருமுனையின் வேலை.

பரிமாற்றம் மெலிந்த இடத்தில் இருமுனையே ஆள்கிறது. லித்தியம் ஹோல்மியம் ஃபுளோரைடைப் பாருங்கள். ஹோல்மியத்தின் 4எஃப் எலக்ட்ரான்கள் அணுவின் உள்ளே புதைந்திருப்பதால் பரிமாற்றம் சொற்பம். திருப்புத்திறனோ பெரியது, படிகத்தின் ஒரே அச்சில் மேலோ கீழோ மட்டும் நோக்கும். 1.53 கெல்வினில் அது ஃபெர்ரோ காந்தமாவது முதன்மையாக இருமுனை இடைவினையால்தான். டிஸ்புரோசியம் டைட்டனேட் எனக்கு இதைவிடப் பிடித்த படிகம். அதில் அண்டை ஸ்பின்களுக்கிடையே பரிமாற்றம் ஒரு பக்கம் இழுக்க, ஏறத்தாழ இரு மடங்கு வலுவோடு இருமுனை மறுபக்கம் இழுத்து வென்றுவிடுகிறது. அணுக்கள் நான்கு நான்காக நான்முகிகளின் மூலைகளில் இருக்கின்றன; ஒவ்வொரு நான்முகியிலும் இரண்டு ஸ்பின் உள்ளே நோக்கும், இரண்டு வெளியே. இதே விதியில் அமையும் பனிக்கட்டிக்கு 1935-இல் வேதியியலாளர் பாலிங் கணக்கிட்ட எஞ்சிய என்ட்ரோபிதான் (எவ்வளவு குளிர்ந்தாலும் மிஞ்சும் ஒழுங்கின்மை) 1999-இல் இந்தப் படிகத்திலும் அளவிடப்பட்டது. பனிக்கட்டியின் விதியே இங்கும் இருப்பதால்தான் "ஸ்பின் பனி" என்ற பெயர்.

கடோலினியம், ஹோல்மியம், டிஸ்புரோசியம் போன்ற அருமண் தனிமங்களின் படிகங்களைச் சில கெல்வினில் அளப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். படிகத்தை ஒட்டும் முன் எடையோடு நீளம், அகலம், தடிமன் மூன்றையும் குறியுங்கள்; எந்த முகம் புலத்தை நோக்குகிறது என்று படம் எடுங்கள். வடிவத்தால் படிகத்தின் உள்ளே புலம் எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லும் எண் காந்த நீக்கக் காரணி. மூன்று அச்சுகளுக்கான காரணிகளைக் கூட்டினால் 1 வரும். கோளத்துக்கு ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்று. எளிதில் காந்தமாகும் மென் ஃபெர்ரோ காந்தத்தின் ஏற்புத்திறன், அது ஃபெர்ரோ காந்தமாக மாறும் கியூரி வெப்பநிலைக்குக் கீழே, இந்தக் காரணியின் தலைகீழ் மதிப்பில் தட்டையாகிவிடும். கோள வடிவ மாதிரியில் எஸ்.ஐ. அலகில் 3 என்று ஒரு சமதளம் தெரிந்தால் அதைப் புதிய நிலை என்று எழுதிவிடாதீர்கள், அது கோளத்தின் வடிவம்.

அந்த மாணவர் தகட்டின் அளவுகளைக் குறித்து வைத்திருந்தார். திருத்தம் செய்ததும் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவருக்கு முன்பு அதே மேசையில் வேலை செய்தவர் எடையை மட்டும் எழுதியிருந்தார்; பசையிலிருந்து எடுக்கும்போது படிகமும் நொறுங்கிவிட்டது. அந்த மூன்று மாத அளவீடுகள் இன்னும் திருத்த முடியாமல் கணினியில் கிடக்கின்றன.