தென்துருவத்தில் குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

தென்துருவத்தில் அமெரிக்கா நடத்தும் அமண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையத்தில் குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பதிலும் அங்கேயே கிடைத்துவிடும்.

நிலையத்தின் காலடியில் ஏறத்தாழ 2,700 மீட்டர் ஆழத்துக்குப் பனிக்கட்டி இருக்கிறது. ஆனால் மேலடுக்கின் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரியை ஒட்டியது. அதில் ஒரு கிலோவை உருகுநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 100 கிலோஜூலும், உருக்க மேலும் 334 கிலோஜூலும் வேண்டும். அந்த வெப்பத்துக்கான எரிபொருள் அண்டார்க்டிகக் கரையோரத்தில் உள்ள அமெரிக்காவின் மெக்மர்டோ தளத்திலிருந்து விமானத்திலும், 1,600 கிலோமீட்டர் பனிவெளியைக் கடக்கும் டிராக்டர் தொடரிலும், வழியெல்லாம் தானும் எரிந்துகொண்டே வருகிறது. வாரத்துக்கு இருமுறை, முறைக்கு இரண்டே நிமிடம் என்று குளியலுக்குக் கட்டுப்பாடு இருப்பது அதனால்தான்.

இந்தத் தண்ணீரைத் தருவது ரோட்ரிகெஸ் கிணறு. மேற்பரப்பில் பல பத்து மீட்டர் வரை பனி இறுகாமல் காற்றிடைவெளிகளுடன் இருப்பதால், அங்கே உருக்கும் நீர் கசிந்துபோகும். எனவே அதைத் தாண்டித் துளையிட்டு, ஜெனரேட்டர்களின் கழிவு வெப்பத்தால் சூடேற்றிய நீரை உள்ளே செலுத்துகிறார்கள். சுற்றிலும் பனி உருகிக் குடம்போல ஒரு குளம் உண்டாகிறது. கொள்கலமும் பனிக்கட்டி, கொள்வதும் அதன் நீர். இறைத்த நீரில் ஒரு பங்கைச் சூடாக்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்வரை குளம் உறைவதில்லை. பனி உருக உருக, அதில் நூற்றாண்டுகளாகப் புதைந்திருந்த விண்வெளித் துகள்கள் அடியில் படிகின்றன. 1995இல் அங்கிருந்து ஆயிரக்கணக்கான நுண்விண்கற்களை உறிஞ்சி எடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் அலுக்காத செய்தி.

குளம் ஆண்டுதோறும் கீழிறங்குகிறது. இறைப்பதற்கான ஆற்றல் கட்டுப்படியாகாத ஆழத்தை எட்டியதும் புதிய கிணறு தோண்டுகிறார்கள்; பழைய கிணற்றுக்குள் குளித்த நீரும் கழிப்பறை நீரும் சேர்ந்து போகின்றன. அண்டார்க்டிகச் சுற்றுச்சூழலைக் காக்க நாடுகள் செய்துகொண்ட, 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் நெறிமுறை, கடற்கரையிலிருந்து விலகி உட்பகுதியில் இருக்கும், வேறு வழியில்லாத நிலையங்களுக்கு இதை அனுமதிக்கிறது; பனியற்ற நிலத்திலோ பனி மிகுதியாகக் கரைந்தழியும் பகுதியிலோ சென்று முடியும் பனியோட்டத்தில் மட்டும் கழிவுக் குழி அமையக்கூடாது.

இந்த அனுமதி எனக்கு நிறைவு தரவில்லை. பிரான்சும் இத்தாலியும் நடத்தும் கான்கார்டியா நிலையம், அதே பீடபூமியில், குளித்த நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிறது. தென்துருவத்தில் வானை ஆராய நிறுவும் தொலைநோக்கிக்கு நிதி ஒதுக்கும்போதே அதை இயக்குவோரின் கழிவுநீருக்கும் ஒதுக்கியாக வேண்டும். தென்துருவத்தில் பனி ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் கடலை நோக்கி நகர்கிறது; கைவிட்ட கிணறுகளில் உறைந்த கழிவும் அதனோடுதான் போய்க்கொண்டிருக்கிறது.