மஞ்சள் புடவையை நீலமாக்கும் கணக்கு

படத்தொகுப்பு மென்பொருளை முதன்முதலாகத் திறப்பவரை மிரட்டுபவை அதன் கட்டளைப் பட்டியல்கள்தாம். எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சிகளே எங்கும் கிடைக்கின்றன. அந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. போட்டோஷாப் ஆனாலும் இலவசமான கிம்ப் ஆனாலும் அடியில் நடப்பது பள்ளிக்கூடக் கணக்குதான். அது பிடிபட்டுவிட்டால் பொத்தான்கள் தாமாகப் பழகிவிடும்.

படத்தின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் அளவைச் சொல்லும் மூன்று எண்கள். சாதாரணப் படங்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 0 என்றால் கருப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. இடைப்பட்ட ஓர் அளவில் மூன்றும் சமமாக நின்றால் சாம்பல். மொத்தம் 1,67,77,216 சேர்க்கைகள். நிறத்தைத் திருத்துவது என்றால் இந்த எண்களை ஒரு விதிப்படி மாற்றுவது, வேறொன்றும் இல்லை.

கல்யாண மண்டபத்தில் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் ஒரு பிக்சல் 240, 215, 165 என்று இருக்கிறது. நீலம் குறைந்துபோனதால் வேட்டி மஞ்சளடிக்கிறது. வெளிச்ச அளவுகளைத் திருத்தும் லெவல்ஸ் சாளரத்தில் உள்ள வெள்ளை ஐட்ராப்பரால் (சொட்டுக்குழாய் வடிவக் கருவி) அந்த இடத்தைத் தொட்டால், மென்பொருள் சிவப்பை ஏறத்தாழ 1.06ஆலும் பச்சையை 1.19ஆலும் நீலத்தை 1.55ஆலும் பெருக்கி, மூன்றையும் 255க்குக் கொண்டுவருகிறது. அதே பெருக்கல் படம் முழுவதற்கும் நடப்பதால் முகங்களின் மஞ்சளும் கூடவே விலகுகிறது.

இந்தக் கணக்கிலேயே இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. தொட்ட இடத்தைவிட வெளிச்சமான பிக்சல்கள் எல்லாம் 255ஐத் தாண்டப் பார்க்கும். தாண்ட இடமில்லாததால் அங்கேயே வெட்டுப்பட்டு, மடிப்புகளும் நெசவும் மறைந்து வெள்ளைத் திட்டாகிவிடும். அதனால், நேரடியாக ஒளிரும் விளக்குகளை விட்டுவிட்டு, இருக்கும் வெள்ளைப் பொருள்களில் மிகப் பளிச்சென்று தெரிவதையே தொட வேண்டும். இரண்டாவது, நீலத்தை ஒன்றரை மடங்காக்கும்போது நீல எண்களில் இருந்த இரைச்சலும், அதாவது தாறுமாறான ஏற்ற இறக்கமும், ஒன்றரை மடங்காகிறது. திருத்திய படத்தின் இருண்ட மூலைகளில் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வளைவுகள் என்ற கருவி இதையே இன்னும் நுட்பமாகச் செய்கிறது. கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குப் போகும் அந்தக் கோடு உண்மையில் 256 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை: இந்த எண் உள்ளே வந்தால் அந்த எண்ணை வெளியே கொடு. கோடு நேராக இருக்கும்வரை எதுவும் மாறாது. நடுவில் செங்குத்தாக்கினால் நடுத்தர நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, படம் எடுப்பாகும். ஆனால் கோடு ஓரிடத்தில் செங்குத்தானால் இன்னோரிடத்தில் படுத்தே ஆக வேண்டும். அங்கே நிறங்கள் ஒன்றோடொன்று நெருங்கி விவரம் குறையும். மங்கலான படத்தில் 50 முதல் 200 வரை உள்ள எண்களை 0 முதல் 255 வரை நீட்டினாலும் இப்படித்தான் ஒரு விலை உண்டு. இருப்பது 151 மதிப்புகள், நிரப்ப வேண்டியது 256 இடங்கள். 105 இடங்கள் காலியாகவே நிற்கும். மாலை வானத்தில் பட்டை பட்டையாகப் படிகள் தெரிவது இதனால்தான். முதலிலேயே 16 பிட்டில், அதாவது 256ஐவிடப் பல மடங்கு நுண்ணிய படிகளில், உள்ள மூலப்படத்தில் வேலை செய்வதும், திருத்தத்தைப் படத்தின் மேல் நேரடியாகச் செய்யாமல் தனி லேயராக (மேலே வைக்கும் அடுக்காக) வைப்பதும் இந்தச் சேதத்தைத் தவிர்க்கும்.

இனி தலைப்பில் உள்ள புடவை. நிறத்தையும் அதன் செறிவையும் மாற்றும் ஹியூ-சாச்சுரேஷன் கட்டளையில் நிறங்கள் ஒரு வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். இத்தகைய நிற அமைப்புகளுக்கான கணக்கைக் கணினி வரைகலை முன்னோடி ஆல்வி ரே ஸ்மித் முதலியோர் 1978இல் வெளியிட்டார்கள். மஞ்சள் வட்டத்தில் 60 பாகையில் இருக்கிறது, நீலம் 240இல். ஆகவே புடவையைத் தேர்ந்தெடுத்து 180 பாகை சுழற்றினால் போதும் என்று தோன்றும். சுழற்றிப் பார்த்தால் புடவை நீலமாகிவிடும், ஆனால் திடீரென்று கனமாக, இருட்டாக, படத்திலிருந்து பிய்ந்து நிற்கும்.

காரணம் நம் கண்ணில் இருக்கிறது. அந்த வட்டத்தின் கணக்குப்படி தூய மஞ்சளும் தூய நீலமும் ஒரே வெளிச்சம் உடையவை. கண்ணுக்கு அப்படி இல்லை. வெள்ளைத் திரையின் வெளிச்சத்தை 1 என்று வைத்தால், இன்றைய திரைத் தரத்தின்படி அதில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு வெறும் 0.0722. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. அதன் வெளிச்சம் ஏறத்தாழ 0.93. நீலமோ 0.07. பாகையைச் சுழற்றியபோது வெளிச்சம் பதின்மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது.

மாற்றுவழி ஒன்று உண்டு. புடவைக்கு மேல் நீல நிறத்தில் ஒரு லேயரை நிரப்பி, அதன் கலப்பு முறையை 'கலர்' என்று மாற்றினால், கீழே உள்ள வெளிச்சம் அப்படியே நிற்க, நிறம் மட்டும் மேலிருந்து வரும். மடிப்பும் நிழலும் பிழைக்கும். ஆனால் மஞ்சளின் அத்தனை வெளிச்சத்தோடு அடர்நீலம் என்ற ஒன்று திரையில் இருக்கவே முடியாது. வெளிறிய வான்நீலம்தான் கிடைக்கும். அடர்நீலம் வேண்டுமானால் கீழே வளைவுகளால் புடவையைக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்க வேண்டும். நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாகக் கையாளும் இந்தப் பழக்கம் கைவந்துவிட்டால் தொடக்க நிலையைத் தாண்டிவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

எழுத்து அலங்காரங்களுக்கு வருவோம். எழுத்துருவுக்குள் ஒவ்வோர் எழுத்தும் கணித வளைகோடுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. திரையில் வரையும்போது, அந்த வளைகோடு ஒவ்வொரு பிக்சலையும் எவ்வளவு மூடுகிறது என்று மென்பொருள் அளக்கிறது. முழுதாக மூடினால் 255, பாதி மூடினால் 128 அளவில். ஆல்ஃபா எனப்படும் இந்த நான்காவது எண்ணிலிருந்துதான் எல்லா அலங்காரங்களும் பிறக்கின்றன.

நிழல் எப்படி வருகிறது? ஆல்ஃபாவை நகலெடுத்து, இருண்ட நிறம் பூசி, சற்று நகர்த்தி, மங்கலாக்கி, எழுத்துக்கு அடியில் வைக்கிறார்கள். மங்கலாக்குவது என்பது ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ளவற்றின் சராசரியைக் கொடுப்பது. அருகில் உள்ளவற்றுக்கு அதிக மதிப்பும் தொலைவில் உள்ளவற்றுக்குக் குறைந்த மதிப்பும் தரும் முறைக்குக் கணித மேதை காஸின் பெயர். 21 பிக்சல் அகலச் சதுரத்தில் இதை நேரடியாகச் செய்தால் ஒரு பிக்சலுக்கு 441 பெருக்கல்கள். முதலில் கிடைமட்டமாகவும் பிறகு செங்குத்தாகவும் செய்தால் 42 போதும், விடையும் அதேதான். இவ்வளவு அழகான குறுக்குவழி கணிதத்தில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

நிழல் லேயரை மல்டிப்ளை முறையில் வைக்கச் சொல்வார்கள். அந்த முறையில் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுக்கிறார்கள். நிழல் தூய கருப்பாக இருந்தால் சாதாரண முறையிலும் இதே விடைதான் வரும். நிழலுக்கு நிறம் இருக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். வெயில் நேரத்து நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். அதனால் கருநீல நிழலை மல்டிப்ளையில் வைத்தால், சுவரின் சொரசொரப்பு கெடாமல் நிழல் அதன்மேல் படியும். சாதாரண முறையில் அதே நீலம் புகைபோல் மூடிவிடும். ஒளிவட்டத்துக்கு இதன் தலைகீழான ஸ்கிரீன் முறை. அவுட்லைனுக்கு ஆல்ஃபாவை எல்லாப் பக்கமும் விரிக்கிறார்கள். புடைப்பு விளைவில் ஆல்ஃபாவின் விளிம்பையே மலைச்சரிவாகக் கருதி, விளக்கை நோக்கிய சரிவை வெளிச்சமாக்கி எதிர்ச்சரிவை இருட்டாக்குகிறார்கள். படத்தில் ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதே திசையில் இந்த விளக்கையும் வையுங்கள். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், திசை மாறியிருந்தால் கண் உறுத்தும்.

தமிழ் எழுத்துகளுக்கு அவுட்லைனை வெளிப்பக்கம் மட்டும் வைத்தாலும் கவனம் வேண்டும். ண, ஞ, ஊ போன்றவற்றின் சுழிகளுக்குள் உள்ள சிறு வெளிகள் எளிதில் அடைபட்டுவிடும். தடித்த எழுத்துருவில் மெல்லிய அவுட்லைனே தாங்கும். 'கொ' என்று தட்டினால் கொம்பு முன்னால் வராமல் சிதறினால், குறை எழுத்துருவில் இல்லாமலும் இருக்கலாம். போட்டோஷாப்பின் விருப்பங்களில் எழுத்து அமைப்பை உலக மொழிகளுக்கான தளவமைப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

எழுத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் பச்சை, சிவப்பு, நீலத்தின் அந்த மூன்று வெளிச்சப் பங்குகளே தீர்ப்புச் சொல்கின்றன. இணையத் தரத்தின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி விகிதம் 4.5க்குக் குறையக் கூடாது. வெள்ளையின்மேல் தூய மஞ்சளுக்கு அது வெறும் 1.07; தூய நீலத்துக்கு 8.6. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து எத்தனை பளபளப்பாகத் தோன்றினாலும் 2.9தான்.

சேமிக்கும் இடத்திலும் இதே கண் குறுக்கிடுகிறது. நுண்ணிய விவரங்களைக் கண் வெளிச்சத்தில்தான் பார்க்கிறது, நிறத்தில் அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்பதால், ஜேபெக் கோப்புகள் பெரும்பாலும் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்தே சேமிக்கின்றன. இயற்கைக் காட்சிகளில் அது தெரியாது. கருப்பின்மேல் எழுதிய சிவப்பு எழுத்தின் விளிம்பில் அழுக்குப்போல் தெரியும். எழுத்து நிறைந்த படத்தை, விவரம் எதையும் இழக்காத பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக இணையுங்கள். விளிம்பு நீங்கள் வரைந்தபடியே போய்ச் சேரும்.